எந்தக் குடும்பத்துக்கு விசுவாசம்?

சென்ற பரீட்சைக்கு முன்னால், பதினோராம் வகுப்பு மாணவர்களுக்கு "நான் வியக்கும் மனிதர்" என்ற தலைப்பில் ஒரு வியாசம் எழுதக் கொடுத்திருந்தோம். முப்பத்தெட்டு நோட்டுப் புத்தகங்கள் வந்து சேர்ந்தன. காந்தி மகாத்மாவும், பாரதியாரும், கிரிக்கெட் ஆட்டக்காரர்களும், இரண்டொரு தாய் தந்தையரும் அவற்றில் இடம் பெற்றிருந்தார்கள். இவையெல்லாம் எதிர்பார்த்தவைதாம். ஒரே ஒரு பையன் மட்டும் டான் விட்டோ கோர்லியோனே என்பவரைப் பற்றி எழுதியிருந்தான். "அவரைக் கொலைகாரர் என்று சொல்வார்கள். ஆனால் அவர் செய்ததெல்லாம் குடும்பத்துக்காகவே. குடும்பத்துக்காக எதைச் செய்தாலும் தவறில்லை" என்று வியாசத்தை முடித்திருந்தான்.

பிழையில்லாத தமிழ். மார்க்குப் போடப் பேனாவை எடுத்தோம், போட முடியவில்லை. அந்த நோட்டை மட்டும் தனியே எடுத்து வைத்தோம். பையன்மேல் கோபம் என்று நேயர்கள் எண்ண வேண்டாம். கல்லூரி விடுதியில் நண்பர்களோடு அந்தப் படத்தை முதன் முதலில் பார்த்த இரவில், நாமும் ஏறக்குறைய அதையேதான் நினைத்தோம். அப்படி நம்மை நினைக்க வைத்தது எது என்று இத்தனை வருஷங்களுக்குப் பிறகு யோசித்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

மாரியோ பூஸோ என்ற அமெரிக்க எழுத்தாளர் 1969-ல் "காட்பாதர்" என்னும் நாவலை வெளியிட்டார். 1972-ல் பிரான்ஸிஸ் போர்டு கொப்போலா அதைப் படமாக எடுத்தார். இரண்டாம் பாகம் 1974-லும், மூன்றாம் பாகம் 1990-லும் வெளிவந்தன. முதல் இரண்டு பாகங்களும் சிறந்த படத்துக்குரிய ஆஸ்கார் பரிசைப் பெற்றவை. நம் நாட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்களில் "ஞானத் தகப்பன்" என்று சொல்கிறார்களே, அந்த உறவுக்குத்தான் ஆங்கிலத்தில் காட்பாதர் என்று பெயர். குழந்தைக்கு ஞானஸ்நானம் செய்யும்போது உடனிருந்து, அதன் நல்வாழ்வுக்குப் பொறுப்பேற்றுக்கொள்பவர் அவர். கொள்ளைக் கூட்டத்தின் தலைவனுக்கு இவ்வளவு புனிதமான பெயர் எப்படிப் பொருந்தியது என்பதிலேயே கதையின் சூட்சுமம் அடங்கியிருக்கிறது.

படம் ஒரு கலியாண வீட்டில் ஆரம்பமாகிறது. 1945-ஆம் வருஷத்துக் கோடைகாலம். தோட்டத்தில் வாத்தியம் முழங்க, உற்றார் உறவினர் ஆடிப் பாடுகிறார்கள். இருண்ட அறை ஒன்றுக்குள் மணப்பெண்ணின் தகப்பனாரான டான் கோர்லியோனே உட்கார்ந்திருக்கிறார். மகளுடைய கலியாணத்தன்று யார் வந்து என்ன கேட்டாலும் ஸிஸிலிக்காரன் இல்லையென்று சொல்லக் கூடாதாம். பிரேத அடக்கத் தொழில் நடத்தும் பொனாஸெரா என்பவர் வந்து நிற்கிறார். இரண்டு இளைஞர்கள் அவருடைய மகளை அடித்து முகத்தைச் சிதைத்துவிட்டார்கள். அவர் கோர்ட்டுக்குப் போனார். நீதிபதி தண்டனையை விதித்து, விதித்த மூச்சிலேயே அதை நிறுத்தியும் வைத்துவிட்டார். குற்றவாளிகள் அன்றைக்கே வெளியே வந்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் பெண்ணைப் பெற்றவர்கள் யார்தான் நீதிபதியின் பக்கம் நிற்பார்கள்? நம் மனம் கோர்ட்டை விட்டுப் புறப்பட்டு, டானுடைய அறைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. மார்லன் பிராண்டோ மடியில் ஒரு பூனையைத் தடவிக் கொடுத்துக்கொண்டே தாழ்ந்த குரலில் பேசும்போது, இவரல்லவோ குடும்பஸ்தர் என்று தோன்றிவிடுகிறது.

இது வெறும் கற்பனையும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸிஸிலித் தீவில் பழைய ஜமீன் முறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் அதன் இடத்தில் நம்பத் தகுந்த சர்க்கார் வந்து சேரவில்லை. ஜமீன்தார்கள் பட்டணத்தில் வசித்தார்கள். அவர்களுடைய நிலங்களைக் குத்தகைக்கு எடுத்தவர்களும், ஆயுதம் தாங்கிய காவற்காரர்களும் கிராமங்களை ஆண்டார்கள். பலெர்மோ நகரைச் சுற்றியிருந்த எலுமிச்சைத் தோட்டங்களுக்குக் "காவல்" என்று சொல்லிப் பணம் பிடுங்கியவர்களும் அவர்களே. நீதி கிடைக்காத இடத்தில் நீதியை விற்பதற்கு ஒரு கடை திறந்தார்கள். அந்தக் கடைக்குத்தான் மாபியா என்று பெயர்.

கடை என்றால் கணக்கு இருக்கும். டான் பொனாஸெராவிடம் பணம் வாங்குவதில்லை. கையை முத்தமிடச் செய்கிறார். என்றாவது ஒரு நாள் உன்னிடம் ஓர் உதவி கேட்பேன், கேட்காமலும் போகலாம் என்கிறார். அந்த நாள் வந்துவிடுகிறது. டானுடைய மூத்த மகன் ஸானி குண்டுகளால் துளைக்கப்பட்டுச் சாகிறான். பெற்ற தாய் கண்ணால் பார்க்கத் தக்கதாக அந்த உடலைச் சீர்ப்படுத்தித் தரும்படி டான் அதே பொனாஸெராவிடம் கேட்கிறார். ஒரு தகப்பன் தன் மகளுக்காகப் பட்ட கடன், மற்றொரு தகப்பனுடைய மகனின் பிரேதத்தில் வந்து தீர்கிறது. முதல் தடவை பார்த்தபோது இந்தக் காட்சியில் டானுக்காகக் கண் கலங்கினோம். ஸானியைக் கொன்றது யார் வளர்த்த தொழில் என்று அன்றைக்கு நமக்குக் கேட்கத் தோன்றவில்லை.

இன்னொரு விசித்திரத்தையும் சொல்ல வேண்டும். படம் தயாராகிக்கொண்டிருந்த 1971-ல், இத்தாலிய அமெரிக்கர்களின் உரிமைக்காக ஏற்பட்ட ஒரு சங்கம் படத்துக்குப் பலத்த எதிர்ப்புத் தெரிவித்தது. அந்தச் சங்கத்தை ஆரம்பித்த ஜோஸப் கொலம்போ, நியூயார்க்கின் ஐந்து மாபியாக் கும்பல்களில் ஒன்றுக்குத் தலைவராக இருந்தவர்! "மாபியா" என்ற சொல் படத்தில் வராது என்று தயாரிப்பாளர் ஒப்புக்கொண்ட பிறகே எதிர்ப்பு அடங்கியது. அதே வருஷம் ஜூன் மாதம், சங்கத்தின் பொதுக்கூட்டத்திலேயே கொலம்போ சுடப்பட்டார். மாபியா என்ற சொல் இல்லாத படத்தில் எஞ்சி நின்ற சொல் எது? "குடும்பம்." கூட்டத்துக்கும் குடும்பம் என்று பெயர், வீட்டுக்கும் குடும்பம் என்று பெயர். ஒரே சொல் இரண்டு வேலை செய்யும்போது கேட்பவன் ஏமாந்து போகிறான். நம் மாணவன் ஏமாந்ததும் இந்தச் சொல்லில்தான்.

கொப்போலா மட்டும் ஏமாறவில்லை. படத்தை ஊன்றிப் பார்ப்பவர்களுக்கு இது விளங்கும். டானுடைய கடைசி மகன் மைக்கேல் படித்தவன்; யுத்தத்தில் வீரப் பதக்கம் பெற்றவன். கலியாணப் பந்தலில் காதலியிடம், அது என் குடும்பம், நான் அல்ல என்கிறான். தகப்பனாரைச் சுட்டுவிட்டார்கள் என்றதும் அவரைக் காப்பாற்றுவதற்காகவே உள்ளே வருகிறான். முடிவில் தங்கையின் குழந்தைக்கு ஞானத் தகப்பனாகக் கோயிலில் நிற்கிறான். சைத்தானை விட்டொழிக்கிறாயா என்று குருவானவர் கேட்க, விட்டொழிக்கிறேன் என்று பதில் சொல்கிறான். அந்த நேரத்திலேயே அவனுடைய கட்டளைப்படி நகரெங்கும் எதிரிகள் சாகிறார்கள். அன்றைக்கே அந்தக் குழந்தையின் தகப்பனும் கொல்லப்படுகிறான். ஞானத் தகப்பன் பெற்ற தகப்பனைக் கொன்றுவிடுகிறான்! இரண்டாம் பாகத்தில் மனைவி பிரிகிறாள். தாயார் உயிரோடிருக்கும் வரையில் காத்திருந்து, பிறகு கூடப் பிறந்த அண்ணன் பிரெடோவை ஏரியில் படகில் வைத்துச் சுட்டுக் கொல்லச் செய்கிறான். குடும்பத்துக்காக என்று ஆரம்பித்தவன், கடைசிக் காட்சியில் குடும்பமே இல்லாமல் உட்கார்ந்திருக்கிறான்.

ஸினிமாவை விட்டு ஸிஸிலிக்கே போனால், இந்த உண்மை இன்னும் கடுமையாக இருக்கிறது. 2007-ல் ஸால்வத்தோரே லோ பிக்கோலோ என்ற மாபியாத் தலைவன் பிடிபட்டபோது, பத்துக் கட்டளைகள் அச்சடித்த ஒரு தாளும் அகப்பட்டது. மனைவியை மரியாதையோடு நடத்த வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. கூட்டம் எப்போது கூப்பிட்டாலும் வர வேண்டும், மனைவிக்குப் பிரசவ வேதனை கண்டிருந்தாலும் வர வேண்டும் என்பது மற்றொன்று. எந்தக் குடும்பம் பெரிது என்பதை அவர்களே எழுத்தில் வைத்திருக்கிறார்கள்.

தொம்மாஸோ புஷெத்தா என்பவர் பலெர்மோவின் மாபியாவில் பல வருஷங்கள் இருந்தவர். டான் கதையில் வரும் கோர்லியோனே என்ற அதே ஊரைச் சேர்ந்த தோதோ ரீனாவின் கட்சி மேலோங்கியபோது, 1982-ல் புஷெத்தாவின் இரண்டு புதல்வர்கள் காணாமற் போனார்கள், உடல்கள்கூட அகப்படவில்லை. 1984-ல் அவர் நீதிபதி பால்கோனேயிடம் வாயைத் திறந்தார். அதன் பலனாகப் பலெர்மோவில் 1986-ல் ஆரம்பித்த மாபெரும் வழக்கில் சுமார் 475 பேர் குற்றம் சாட்டப்பட்டார்கள். 1987-ல் முந்நூறுக்கு மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். 1992 மே மாதம், பால்கோனேயையும் அவருடைய மனைவியையும் மூன்று மெய்க்காவலர்களையும் சாலையில் வெடி வைத்துக் கொன்றார்கள். வேறொரு சாட்சியின் மகனை 1993-ல் கடத்தினார்கள். கடத்தியவர்கள் போலீஸ் வேஷத்தில் வந்து, தகப்பனாரிடம் அழைத்துப் போகிறோம் என்றார்கள். பிள்ளை நம்பிப் போனான். இரண்டு வருஷத்துக்கு மேல் அடைத்து வைத்து, 1996 ஜனவரியில் கொன்றுவிட்டார்கள். பிடித்துப் போனபோது அவனுக்கு வயது பன்னிரண்டு.

இந்த இருட்டில் ஒரு தாயின் கதையையும் நேயர்கள் கேட்க வேண்டும். பலெர்மோவுக்கு அருகில் சினிஸி என்று ஒரு சிற்றூர். அங்கே பெலிசியா இம்பஸ்தாத்தோ என்ற மாது வாழ்ந்தார். கணவர் மாபியாவைச் சேர்ந்தவர். கணவரின் சகோதரியை மணந்தவர் அவ்வூர்க் கூட்டத்துக்கே தலைவராக இருந்து, 1963-ல் கார் வெடியில் மாண்டார். பெலிசியாவின் மூத்த மகன் பெப்பினோ இந்த வீட்டில் பிறந்தும் கூட்டத்தை எதிர்த்தான். பத்திரிகை நடத்தினான், சிறு வானொலி நிலையம் ஒன்றை ஆரம்பித்து, ஊரே நடுங்கிய கயெதானோ பதலமென்தியைப் பெயர் மாற்றிக் கேலி செய்தான். தகப்பனார் அவனை வீட்டை விட்டு வெளியேற்றினார். 1978 மே 9-ஆம் தேதி, ரயில் பாதையில் வெடிமருந்தினால் சிதறிய நிலையில் பெப்பினோவின் உடல் கிடந்தது. வெடி வைக்கப் போனவன் தானே மாண்டான் என்றார்கள்.

அந்த ஊர் வழக்கப்படி தாய்க்கு இரண்டே வழிகள் இருந்தன: வாயை மூடிக்கொள்வது, அல்லது உறவினரைக் கொண்டு பழி தீர்த்துக்கொள்வது. பெலிசியா இரண்டையும் மறுத்தார். மாபியா உறவினரின் தொடர்பை அறுத்துக்கொண்டு, இளைய மகனோடு நியாயஸ்தலத்தின் வாயிலில் போய் நின்றார். அந்த நியாயஸ்தலம் உடனே கதவைத் திறந்துவிடவில்லை. இருபத்து நான்கு வருஷங்கள் ஆயின. எண்பது வயதைத் தாண்டிய பிறகு சாட்சி சொன்னார். 2002-ல் பதலமென்திக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2004-ல் பெலிசியா காலமானார். இந்தக் கதையும் 2000-ல் "நூறு அடிகள்" என்ற பொருள்படும் பெயரில் இத்தாலியில் படமாக வந்திருக்கிறது. அவர்களுடைய வீட்டிலிருந்து பதலமென்தியின் வீட்டுக்கு நூறு அடி நடந்தால் போதுமாம்! அப்படத்தைப் பார்த்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்?

தமிழ் ஸினிமாவும் இந்தக் கேள்வியைத் தொடாமல் இல்லை. 1987-ல் மணிரத்னம் எடுத்த "நாயகன்", பம்பாயில் வாழ்ந்த வரதராஜ முதலியாரின் வாழ்க்கையிலிருந்தும், காட்பாதரிலிருந்தும் கரு எடுத்துக்கொண்ட படம். அதிலும் நாயக்கரின் மனைவியும் மகனும் மாண்டு போகிறார்கள். மகள் வெறுத்து வெளியேறுகிறாள். நீங்கள் நல்லவரா, கெட்டவரா என்று பேரன் கேட்கும்போது கிழவருக்குப் பதில் தெரியவில்லை. நாம் கைதட்டிய இடங்கள் வேறு. அந்தப் பேரன் கேட்ட இடத்தில் கொட்டகை நிசப்தமாக இருந்திருக்க வேண்டும்.

இனி ஒரு செய்தி. டான் வாயைத் திறக்கும்போதெல்லாம் தம் காதில் ஒலித்தது தம்முடைய தாயாரின் குரலே என்று பூஸோ பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். இத்தாலியிலிருந்து வந்து, நியூயார்க்கின் ஏழைத் தெரு ஒன்றில், வறுமையோடு போராடிப் பெரிய குடும்பத்தைக் கட்டிக் காத்தவர் அந்த அம்மாள். டானிடம் நாம் வியந்த நிதானமும், பொறுப்பும், விசுவாசமும் அவருடையவை. அவற்றுக்காக அந்த அம்மாள் யாரையும் கொல்லவில்லை. துப்பாக்கி மட்டுந்தான் நாவலாசிரியர் சேர்த்தது.

இவ்வளவையும் யோசித்த பிறகு பையனைக் கூப்பிட்டு, நோட்டைத் திருப்பிக் கொடுத்தோம். தமிழுக்கு உரிய மார்க்கைப் போட்டிருந்தோம். அவனுடைய கடைசி வரிக்குக் கீழே "எந்தக் குடும்பத்துக்காக?" என்று மட்டும் எழுதியிருந்தோம். பெலிசியா அம்மாளின் கதையையும் சொன்னோம். பையன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் அண்ணன் ஒரு கூட்டத்தோடு போகிறான், ஸார். ராத்திரி வீட்டுக்கு வருவதில்லை. அம்மா அழுகிறாள். அவர்களும் 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்றுதான் அவனிடம் சொல்கிறார்களாம்" என்றான்.

அதற்கு நம்மிடம் ஆயத்தமான பதில் ஒன்றும் இல்லை. அன்று மாலை பள்ளிக்கூடம் விட்டதும், அவனோடு அவர்கள் வீடு வரையில் நடந்து போனோம்.