இருத்தலியல்: கீர்க்கெகார்ட் முதல் க்ரியா வரை

இருத்தலியல் (எக்ஸிஸ்டென்ஷியலிசம்) டென்மார்க்கில் ஒரு கிறிஸ்தவ வழக்காகத் தொடங்கியது. 19ஆம் நூற்றாண்டில் அந்த நாட்டில் குழந்தை பிறந்தால் ஞானஸ்நானம் கொடுப்பார்கள், பெயர் சபைப் பதிவேட்டில் ஏறும், அத்துடன் அது கிறிஸ்தவர் ஆகிவிடும். சோரன் கீர்க்கெகார்ட் (1813–1855) இதை ஏற்கவில்லை. விசுவாசம் ஒவ்வொருவரும் தனியே நின்று எடுக்க வேண்டிய முடிவு, பெற்றோரும் சபையும் அதை எடுத்துத் தர முடியாது என்றார். 1843இல் வெளிவந்த ‘அச்சமும் நடுக்கமும்’ நூலில் ஈசாக்கைப் பலியிட மலைக்கு நடந்த ஆபிரகாமை அவர் விடாமல் ஆராய்கிறார்: யாரிடமும் சொல்ல முடியாத முடிவைச் சுமந்து ஒருவன் எப்படி நடப்பான்? நம் தூத்துக்குடி மாவட்டத்திலும் தலைமுறை தலைமுறையாகச் சபையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் நிறைந்த ஓர் ஊர் உண்டு: நாசரேத். 2003இல் உருவான தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் அதன் பெயரையும் தாங்கியிருக்கிறது. ஆபிரகாமின் கதை அங்கே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். கீர்க்கெகார்ட் கேட்ட கேள்வி அந்த ஊருக்கு அந்நியமானதே அல்ல.

இருத்தலியலுக்குக் கேள்வி கீர்க்கெகார்ட்டிடமிருந்து வந்தது. ஆராயும் முறையைக் கொடுத்தவர் ஜெர்மானியரான எட்மண்ட் ஹுஸ்ஸர்ல் (1859–1938). அந்த முறையின் பெயர் ஃபினாமினாலஜி, தமிழில் நிகழ்வியல். ஒரு பொருளைப் பற்றி அறிவியலும் வழக்கமும் சொல்லிவைத்த விளக்கங்களைச் சற்று ஒதுக்கிவைத்து, அனுபவத்தில் அது எப்படித் தென்படுகிறதோ அப்படியே விவரிக்க வேண்டும் என்பதே அதன் விதி.

தூத்துக்குடிக் கடலில் நடந்த முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்ளலாம். 1961க்குப் பிறகு அது பெரிய அளவில் நடக்கவில்லை. கல்லின் பாரத்தால் அடிக்கு இறங்கி, ஒரே மூச்சில் சிப்பி பொறுக்கி மேலே வருவார்கள். கரையில் இருக்கும் கடிகாரத்துக்கு அது ஏறக்குறைய ஒரு நிமிடம். குளிப்பவருக்கோ அது சமமான அறுபது நொடிகள் அல்ல. இறங்கும்போது தாராளமாக இருந்த மூச்சு கடைசியில் நெருக்குகிறது, காலமும் அதோடு சேர்ந்து இறுகுகிறது. கையில் பிடித்த கயிறும் அவருக்கு வெறும் பொருள் அல்ல. மேலே தோணியில் இருப்பவரின் அசைவை அவர் அந்தக் கயிற்றின் வழியாகவே உணர்கிறார், உடம்பு கயிற்றளவுக்கு நீள்கிறது. முதல் செய்தி காலத்தைப் பற்றி ஹுஸ்ஸர்ல் செய்த ஆய்வுக்கும், இரண்டாவது பிரெஞ்சு மெய்யியலாளர் மெர்லோ-போந்தி 1945இல் வெளியிட்ட ‘புலனுணர்வின் நிகழ்வியல்’ நூலுக்கும் நேராக இட்டுச் செல்லும்.

ஹுஸ்ஸர்லிடம் பயின்ற மார்ட்டின் ஹைடெக்கர், 1927இல் ‘இருப்பும் காலமும்’ நூலில், இந்த முறையைச் சாவை அறிந்தே வாழும் மனிதனின் மீது திருப்பினார். பெர்லினில் 1933–34இல் ஹுஸ்ஸர்லைப் படித்த ழான்-பால் சார்த்ர், 1943இல் ‘இருப்பும் இன்மையும்’ நூலை எழுதினார். மனிதன் முதலில் இருக்கிறான், தான் யார் என்பதைத் தன் செயல்களால் பிறகு ஆக்கிக்கொள்கிறான் என்பது அவர் வாதம். பிறப்பையும் பதவியையும் காட்டி “வேறு வழியில்லை” என்பவர் தன்னையே ஏமாற்றிக்கொள்கிறார். சாதி பிறப்பிலேயே இடத்தைக் குறித்துவிடும் நாட்டில் இது கூரிய கருத்து. சிமோன் தெ பொவ்வார் 1949இல் ‘இரண்டாம் பாலினம்’ நூலில் இதே வாதத்தைப் பெண்களின் வாழ்வுக்குக் கொண்டுவந்தார்.

இந்தியாவில் ஜே.என். மொஹந்தி ஹுஸ்ஸர்லைப் பற்றியும் (1964), காசியில் ஜே.எல். மேத்தா ஹைடெக்கரைப் பற்றியும் (1967) ஆங்கிலத்தில் தேர்ந்த நூல்கள் எழுதினார்கள். தமிழில் வேலை வகுப்பறைக்கு வெளியே நடந்தது. எஸ்.வி. ராஜதுரையின் ‘எக்ஸிஸ்டென்ஷியலிசம்: ஓர் அறிமுகம்’ 1975இல், நெருக்கடி நிலை வந்த ஆண்டில், க்ரியா பதிப்பகத்தின் வெளியீடாக வந்தது. ஆல்பெர் காம்யுவின் நாவலை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேரடியாக ‘அந்நியன்’ என்று பெயர்த்தார் (1980). காம்யு தன்னை இருத்தலியலாளர் என்று ஒப்புக்கொண்டதில்லை, ஆனாலும் தமிழ் வாசகர்கள் பலருக்கு வாசல் அவர்தான். சாவைப் பற்றிய சிந்தனையையே கதையாக்கிய சம்பத்தின் ‘இடைவெளி’ 1984இல் வந்தது.

இலக்கியத்தின் வழியாக வந்ததால் இருத்தலியல் இங்கே உயிரோட்டத்தோடு வந்தது. ஆனால் அதன் அடித்தளமான நிகழ்வியல் பின்தங்கிவிட்டது. விரக்தியும் அர்த்தமின்மையும்தான் இருத்தலியல் என்ற தவறான எண்ணம் பரவியதற்கு இதுவே பெரிய காரணம். படிக்கத் தொடங்குபவர்கள் ‘அந்நியன்’, அடுத்து ராஜதுரை என்று போவது நல்லது. ஹுஸ்ஸர்லைத் தமிழ் மாணவர்களின் கைக்குக் கொண்டுவருவது நம் பல்கலைக்கழக மெய்யியல் துறைகளின் கடன்.