சங்கத்து மெயில் ஏன் ஸ்பேமுக்குப் போகுது?

நம்மில் பலர் ஏதாவது ஒரு சங்கத்தில் இருக்கோம். அப்பார்ட்மென்ட் குடியிருப்போர் சங்கம், காலேஜ் முன்னாள் மாணவர் சங்கம், இப்படி ஏதோ ஒண்ணு. அங்கே இளவயசுல ஒருத்தர் சிக்கினா போதும். "தம்பி, நீங்க ஐ.டி.லதானே இருக்கீங்க, மெயில் வேலையை நீங்களே பாத்துக்கோங்க"ன்னு கையில் கொடுத்துடுவாங்க. இன்றைய எபிசோட் அந்தத் தம்பிக்கும் தங்கச்சிக்கும்தான்.

ஒரு கடையோட ஆஃபர் மெயில் ஸ்பேமுக்குப் போனா, ஒரு விற்பனை போகும். சங்கத்தோட பொதுக்குழு அறிவிப்பு ஸ்பேமுக்குப் போனா, ஒருத்தரோட ஓட்டு போகும். பராமரிப்புக் கட்டணத்தை உயர்த்தும் தீர்மானம் நிறைவேறின பிறகுதான் அவருக்கு விஷயமே தெரியவரும். "எனக்குச் சொல்லவே இல்லை" என்பார் அவர். "அனுப்பினோமே" என்பார் செயலாளர். ரெண்டு பேர் சொல்றதும் உண்மைதான். சண்டை மட்டும் மிச்சம்.

நான் பார்த்த வரைக்கும் முதல் காரணம், அனுப்புநர் முகவரி. செயலாளரோட ஜிமெயில் முகவரியைப் போட்டு, வேறொரு மெயில் சேவை வழியா மொத்தமா அனுப்புறாங்க. இது அடுத்தவர் லெட்டர்ஹெட்டில் கடிதம் போடுற மாதிரி. கூகுள் சர்வரிலிருந்து வராத மெயில் ஜிமெயில் பெயரைச் சொல்லிக்கிட்டு வந்தா சந்தேகம் வரத்தானே செய்யும்? அதனால சங்கத்துக்குன்னு ஒரு டொமைன் வாங்குங்க. செயலாளர் மாறினாலும் முகவரி மாறாது.

டொமைன் வாங்கின பிறகு மூணு அமைப்புகள் வேணும். இந்த டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் அனுப்பலாம்னு சொல்ற பட்டியல், எஸ்.பி.எஃப். மெயிலை வழியில் யாரும் திருத்தலைன்னு காட்டுற முத்திரை, டி.கே.ஐ.எம். இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்யணும்னு சொல்ற அறிவிப்பு, டிமார்க். 2024 பிப்ரவரியிலிருந்து, ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரே நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புறவங்களுக்கு இந்த மூணையும் கூகுள் கட்டாயமாக்கியிருக்கு. உங்க சங்கம் சின்னதா இருந்தாலும் மூணையும் வைக்கிறதுதான் நல்லது.

அடுத்தது புகார். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாதுங்கிறது கூகுளோட விதி. 400 பேருக்கு அனுப்புற சங்கத்தில் ரெண்டே பேர் ஸ்பேம்னு அழுத்தினா 0.5 சதவீதம் ஆயிடும்! ஏன் அழுத்துறாங்க? வாரத்துக்கு மூணு பிறந்தநாள் வாழ்த்து, ஸ்பான்சர் விளம்பரம், சுற்றுலாப் படங்கள். விலகுறதுக்கு வழி தெரியலைன்னா, கண்ணில் படுறது ஸ்பேம் பட்டன்தான்.

அதனால மெயிலை ரெண்டு வகையா பிரிங்க. பொதுக்குழு, தேர்தல், சந்தா, கணக்கு விவரம் எல்லாம் அறிவிப்பு. மத்ததெல்லாம் செய்தி மடல். செய்தி மடலிலிருந்து ஒரே அழுத்தில் விலக வழி கொடுங்க. ஆனா அப்படி விலகினவர் பெயர் அறிவிப்புப் பட்டியலிலிருந்து நீங்கிடாம பாத்துக்கோங்க. விழா படம் வேண்டாம்னு சொன்னவர், ஓட்டு வேண்டாம்னு சொல்லலையே.

தலைப்பு வரியில் "முக்கிய அறிவிப்பு"ன்னு மட்டும் போடாதீங்க. "பொதுக்குழு: ஞாயிறு காலை 10 மணி, பராமரிப்புக் கட்டண ஓட்டெடுப்பு"ன்னு போட்டா, மெயிலைத் திறக்காதவருக்கும் சேதி போய்ச் சேர்ந்திடும். ஒரு மெயிலில் ஒரே ஒரு வேலையைக் கேளுங்க.

எத்தனை பேர் திறந்தாங்கங்கிற கணக்கை ரொம்ப நம்பாதீங்க. 2021-ல் ஆப்பிள் கொண்டுவந்த தனியுரிமை வசதி, மெயிலில் இருக்கும் படங்களைத் தானாகவே முன்கூட்டி இறக்கிடும். ஆள் படிக்காமலே "திறந்தார்"னு பதிவாகும். பதில் போட்டவங்க, சந்தா கட்டினவங்க, கூட்டத்துக்கு வந்தவங்க, இதை எண்ணுங்க. திரும்பி வந்த மெயில்களைத் தனியா எழுதி வச்சு, அந்த உறுப்பினர்களுக்குப் போன் பண்ணுங்க. அறிவிப்பை எப்படித் தரணும்னு சங்க விதிகளில் இருந்தா, அதையும் விடாம செய்யுங்க.

இந்த வாரம் ஒரு சின்ன சோதனை. சங்கத்திலிருந்து உங்களுக்கு வந்த மெயிலை கம்ப்யூட்டரில் ஜிமெயிலில் திறந்து, மூணு புள்ளி மெனுவில் "ஷோ ஒரிஜினல்" அழுத்துங்க. அந்த மூணு பெயர்களுக்கு எதிரிலும் "பாஸ்"னு இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா, அடுத்த அறிவிப்பை அனுப்புறதுக்கு முன்னாடி முதல்ல அதைச் சரி பண்ணுங்க.