பூட்டி வைத்த தேயிலை

நம் விடுதியில் தேயிலைத் தூளை எவரும் பூட்டி வைப்பதில்லை; சர்க்கரையைத்தான் சிலர் வைக்கிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்திலோ தேயிலைக்கென்றே பூட்டுடன் கூடிய மரப்பெட்டி இருந்தது. அதன் சாவி வீட்டுத் தலைவியிடம் இருக்கும். விருந்தினர் முன்னிலையில் பெட்டியைத் திறந்து, தன் கையாலேயே இலையை அளந்து போடுவாள். வேலைக்காரரிடம் விட அவளுக்கு மனம் வராது. சீனத்திலிருந்து வந்த அச்சரக்கின் விலை அப்படி! அரசாங்கம் விதித்த வரி நூற்றுக்கு 119 வரை ஏறியிருந்தது. 1784-ஆம் ஆண்டுச் சட்டந்தான் அதை 12½ ஆகக் குறைத்தது. வரி இறங்கிய பின்னும் பூட்டு போகவில்லை என்பது வேடிக்கை.

ஆங்கிலத்தில் இப்பெட்டிக்குக் ‘கேடி’ என்று பெயர். மலாய் நாட்டில் வழங்கிய ‘காத்தி’ என்னும் எடையிலிருந்து, அதாவது ஏறக்குறைய 600 கிராமிலிருந்து, வந்த சொல் இது. நம் ஊர்ப் போலீஸ் ‘கேடி’ வேறு!

பெட்டியினுள் பெரும்பாலும் இரண்டு அறைகள். ஒன்றில் பச்சைத் தேயிலை, மற்றதில் கறுப்பு. நடுவே ஒரு கண்ணாடிக் கிண்ணம் இருப்பதும் உண்டு. ஈரம் புகாதிருக்க உட்புறம் மெல்லிய ஈயத்தகடு ஒட்டியிருக்கும்.

வெளிப்புறத்தில்தான் தச்சனின் கைவண்ணம். சாதாரண மரத்தால் கூடு செய்து, அதன்மேல் மகாகனி, முதிரை முதலிய உயர்ந்த மரங்களின் சீவலை ஒட்டுவார்கள். சங்கு, மலர் ஆகிய உருவங்களைத் தனியே வெட்டிப் பதிப்பார்கள். அவற்றுக்கு நிழல் தீட்ட வண்ணம் வேண்டியதில்லை. சீவலின் ஓரத்தைச் சுடுமணலில் செருகி எடுத்தால் அது இலேசாகக் கருகும். சங்கின் மடிப்பு உண்மையாகவே குழிந்தாற்போல் தோன்றும். ஒரு கணம் அதிகம் வைத்தால் சீவல் பாழ். ஆப்பிள், பேரிக்காய் வடிவில் கடைசல் பிடித்த பெட்டிகளும் உண்டு. அவற்றைவிட எனக்கு இந்த மணல் வித்தைதான் பெரிதாகப் படுகிறது.

கென்ட் மாவட்டத்து டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் ஊரார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறொரு வழி கண்டனர். பல நிற மரங்களின் மெல்லிய குச்சிகளைக் கோலத்துக்கு ஏற்ப அடுக்கி, பசையிட்டுக் கட்டாக்கிக் குறுக்கே அறுத்தனர். அறுத்த ஒவ்வொரு வில்லையிலும் அதே பூ! பச்சை நிறத்துக்குக் காளான் பற்றித் தானே பச்சையான ஓக் மரம் உதவிற்று.

நம் நாட்டிலும் இப்பெட்டிகள் உருவாயின. அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த விசாகப்பட்டினத்துக் கைவினைஞர்கள், ஆங்கிலேயருக்காகச் சந்தனப் பெட்டிகளின்மேல் தந்தத் தகடு போர்த்தினர். தந்தத்தில் நுண்ணிய கோடுகள் கீறி, அவற்றில் கருநிற அரக்கை நிரப்புவது அவர்கள் முறை. ஓரங்களில் நம் பூங்கொடி. நடுவிலே சில வேளை, செய்தவர் கண்ணால் கண்டிராத ஆங்கில மாளிகை! அச்சுப் படத்தைப் பார்த்தே அதைக் கீறினர்.

ஒவ்வொரு தகட்டுக்கும் பின்னால் ஒரு யானை உண்டென்பதையும் மறப்பதற்கில்லை. 1991-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்துக்குப் பின் நம் நாட்டில் தந்த வாணிகத்துக்கே இடமில்லை. பழைய பெட்டிகள் சில அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஊரின் பெயர் தெரிகிறது. செய்தவன் பெயர் இல்லை.