கேமரா பாடியை மாற்றலாமா? கழித்துப் போட்ட படங்களிடம் கேளுங்கள்

சோனி ஏ7 மார்க் 3 கேமரா 2018 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. 24 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் சென்சார், நொடிக்கு 10 படம், இரண்டு மெமரி கார்டு, ஒரு சார்ஜில் எழுநூறு படம் வரை தாங்கும் பேட்டரி. கல்யாண வேலைக்கு வேண்டியது பெரும்பாலும் அதில் இருந்தது. தமிழ்நாட்டு மண்டபங்களில் இன்றும் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்க்கலாம். அதன் அடுத்த தலைமுறையான மார்க் 4, 2021 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் ஒவ்வொரு நிறுவனமும் புதுப் பாடிகளை இறக்கிக்கொண்டே இருக்கிறது. கடைக்குப் போனால் “எக்ஸ்சேஞ்சில் போட்டுடலாம்ணே” என்கிறார்கள். தவணை வசதியும் தயாராக இருக்கிறது. ஏழெட்டு வருடம் சோறு போட்ட பாடியை மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

இந்தக் கேள்விக்கு விடையைப் பெரும்பாலோர் புதுக் கேமராவின் விவரப் பட்டியலில் தேடுகிறார்கள். அங்கே எல்லாமே முன்னேற்றமாகத்தான் தெரியும். விடை கிடைக்கும் இடம் நம்முடைய ஹார்டு டிஸ்க். கடைசியாகச் செய்த சில வேலைகளில் வாடிக்கையாளருக்குக் கொடுக்காமல் கழித்த படங்களைத் திறந்து, ஒவ்வொன்றும் எதனால் வீணானது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபோகஸ் தப்பியதா, ஆள் அசைந்து கலங்கியதா, இருட்டில் புள்ளி புள்ளியாகப் போனதா, கண் மூடியதா, நாம் அழுத்துவதற்குள் தருணம் கடந்துவிட்டதா? இந்தக் காரணங்களில் சிலவற்றைத்தான் புதுப் பாடி தீர்க்கும்.

முதலில் மெகாபிக்சல். மார்க் 3-இல் படத்தின் அகலம் 6,000 பிக்சல். 33 மெகாபிக்சல் மார்க் 4-இல் 7,008. எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடினாலும், அகலத்தில் கூடியது 17 சதவீதம்தான். நம் ஊர் ஆல்பத்தில் பரவலான 12-க்கு 36 அங்குல விரிப்பில் ஒரு பக்கத்தை நிறைக்கும் படத்தின் அகலம் 18 அங்குலம். பழைய பாடியின் படமே அங்குலத்துக்கு 333 பிக்சல் தருகிறது. நல்ல அச்சுக்கு 300 போதும் என்பது அச்சகங்களின் வழக்கமான அளவு. ஆகவே ஆல்பத்துக்காக மெகாபிக்சல் ஏற வேண்டியதில்லை. தொலைவில் இருப்பதை எடுத்துப் பின்னால் வெட்டிப் பெரிதாக்குகிறவர்களுக்கும், பெரிய பேனர் அச்சடிப்பவர்களுக்கும் மட்டுமே அந்தக் கூடுதல் பிக்சல் உதவும்.

இருட்டைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். இருட்டில் நன்றாக எடுக்க வேண்டும் என்பதற்காகவே பாடி மாற்றுகிறவர்கள் அதிகம், ஏமாறுகிறவர்களும் அவர்களே. படத்தில் தெரியும் புள்ளிகளுக்குச் சென்சாரை மட்டும் குறை சொல்வது வழக்கம். ஆனால் பெரும்பகுதி ஒளியிலேயே இருக்கிறது. ஒளி துகள் துகளாக வந்து விழுகிறது. நிறைய விழும்போது பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களில் எண்ணிக்கை ஏறக்குறைய ஒத்துப்போகும். குறைவாக விழும்போது ஒன்றில் கூடும், இன்னொன்றில் குறையும். அந்த ஏற்றத்தாழ்வுதான் புள்ளிகளாகத் தெரிகிறது. நான்கு மடங்கு ஒளி விழுந்தால் படம் இரண்டு மடங்கு சுத்தமாகும். அந்தக் கணக்கை எந்தக் கம்பெனியாலும் மாற்ற முடியாது. மார்க் 3 காலத்துச் சென்சார்களே நிற வடிகட்டியைத் தாண்டி வரும் ஒளியில் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகின்றன. மேற்கொண்டு பிடிக்க மிச்சம் அதிகமில்லை. ஒரே அளவில் வைத்துப் பார்த்தால் மார்க் 3, மார்க் 4 இரண்டின் இருட்டுப் படங்களும் கிட்டத்தட்ட ஒரே தரத்தில் இருப்பது இதனால்தான்.

மாறாக, லென்ஸ் என்ன செய்கிறது என்று பாருங்கள். கிட் லென்ஸை முழுக்க ஜூம் செய்தால் அதன் திறப்பு எஃப்/5.6. அதே இடத்தில் எஃப்/1.8 லென்ஸ் மாட்டினால் ஒன்பது மடங்குக்கும் அதிகமான ஒளி உள்ளே வரும். ஐஎஸ்ஓ 6400 வைக்க வேண்டியிருந்த மேடையில் 800-க்கும் கீழே வைத்து எடுக்கலாம். எட்டு வருடத்துச் சென்சார் முன்னேற்றம் முழுவதையும் சேர்த்தாலும் இதற்குப் பக்கத்தில் வராது. ஒரு எச்சரிக்கையும் வேண்டும்: எஃப்/1.8-இல் முன்வரிசையில் இருக்கும் முகம் தெளிவாக இருக்கும், பின்வரிசை மங்கிவிடும். குடும்பப் படத்துக்கு அந்தத் திறப்பு ஆகாது. அங்கே ஒரு ஃபிளாஷும் குடையும்தான் பதில். அவற்றின் விலை புதுப் பாடியின் விலையில் சிறு பகுதி.

இன்னொரு வழியும் வந்திருக்கிறது. அடோபி லைட்ரூமில் 2023 ஏப்ரலில் சேர்ந்த ‘டீநாய்ஸ்’ வசதி, செயற்கை நுண்ணறிவால் ரா கோப்பிலிருந்து புள்ளிகளைக் கழித்துத் தருகிறது. டிஎக்ஸ்ஓ நிறுவனம் இப்படியொன்றை 2020-லேயே கொண்டுவந்துவிட்டது. பழைய கேமராவின் ரா கோப்புகளுக்கும் இவை வேலை செய்கின்றன. சில வருடங்களுக்கு முன் கழித்த ஒரு படத்தை இன்று மறுபடி திறந்து இதில் போட்டுப் பாருங்கள். ஆல்பத்துக்குத் தேறினால் பாடியின் ஆயுள் நீண்டுவிட்டது என்று பொருள்.

ஃபோகஸ் விஷயம் அப்படியல்ல. இங்கே புதிய பாடிகள் உண்மையாகவே வேறு தளத்தில் இருக்கின்றன. ஆனாலும் கடைக்குப் போகும் முன் மென்பொருள் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். மார்க் 3-க்கு 2019 ஏப்ரலில் வந்த 3.0 பதிப்பு, ஷட்டரைப் பாதி அழுத்தினாலே கண்ணைப் பிடிக்கும் வசதியையும் விலங்குகளின் கண்ணைப் பிடிக்கும் வசதியையும் சேர்த்தது. நிக்கான் இசட்6-க்கும் அதே வருடம் மே மாதத்தில் கண் ஃபோகஸ் மென்பொருளாகவே வந்தது. இலவசமாக வந்த இந்த முன்னேற்றங்களை ஏற்றிக்கொள்ளாமலே, தன் கேமரா பின்தங்கிவிட்டது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்.

மென்பொருள் ஏற்றிய பிறகும் மார்க் 3-க்கு எட்டாத இடம் உண்டு. பறவை எடுப்பவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரை கிளைகளுக்கு நடுவே இறங்கும்போது பழைய பாடியின் ஃபோகஸ், பறவையை விட்டுவிட்டு முன்னால் இருக்கும் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். பழைய முறை நிறத்தையும் தூரத்தையும் வைத்துப் பொருளைத் தொடர்ந்தது. பறவை என்றால் என்ன என்று அதற்குத் தெரியாது. ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டிப் பயிற்றுவித்த புதிய பாடிகள் உடல், தலை, கண் என்று அடையாளம் கண்டுகொண்டு, குச்சி குறுக்கிட்டாலும் அதே பறவைக்குத் திரும்புகின்றன. சோனியில் பறவைக் கண்ணைப் பிடிப்பது 2021 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட ஏ1-இல் வந்தது. மார்க் 4-இலும் இருக்கிறது. சில பாடிகள் ஷட்டரை அழுத்துவதற்கு முந்தைய கணங்களையும் சேமித்துத் தருகின்றன. ஒலிம்பஸ் இதை 2016-லேயே இஎம்1 மார்க் 2-இல் கொடுத்தது. மீன்கொத்தி பாயும் நொடியை மனிதக் கை எதிர்கொண்டு அழுத்துவது கடினம் என்பதால் இது பெரிய வரம். உங்கள் கழிவுப் படங்களில் பாதி பறக்கும் பறவைகளாகவும், ஃபோகஸ் எல்லாம் பின்னணி இலைகளிலும் இருந்தால், தயங்காமல் மாற்றுங்கள். இதைப் பயிற்சியால் ஈடுகட்டச் சொல்வது நியாயமில்லை.

வேகத்துக்கு ஒரு விலை இருப்பதையும் சொல்லிவிட வேண்டும். சாதாரணச் சென்சார் வரிவரியாகத் தன் படத்தைப் படித்து முடிப்பதற்குள் பறவையின் இறக்கை இடம் மாறிவிடும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இறக்கை வளைந்து தெரிவது அதனால்தான். எல்இடி விளக்கு உள்ள மண்டபத்தில் கோடு கோடாக விழுவதும் அதே காரணத்தால்தான். 2017-இல் வந்த சோனி ஏ9, அடுக்குச் சென்சாரால் சுமார் 1/150 நொடியில் படித்து முடித்தது. 2023 நவம்பரில் அறிவித்த ஏ9 மார்க் 3 எல்லா வரியையும் ஒரே கணத்தில் படிக்கிறது. ஆனால் அதன் குறைந்தபட்ச ஐஎஸ்ஓ 250-இல்தான் தொடங்குகிறது. பாதி அடுக்குச் சென்சாருடன் 2024-இல் வந்த நிக்கான் இசட்6 மார்க் 3 வேகத்தில் முந்துகிறது. நிழற்பகுதியைத் தூக்கிப் பார்த்தால் தன் முந்தைய பாடியைவிடச் சற்று அதிகப் புள்ளி காட்டுகிறது. இயற்கைக் காட்சியை முக்காலி போட்டு எடுக்கிறவர் இந்த வேகத்துக்குப் பணம் கட்டினால், தனக்கு வேண்டாததை வாங்கி, வேண்டியதைக் கொஞ்சம் இழக்கிறார்.

வீடியோ எடுப்பவர்களுக்கு மாற்றம் தெளிவாகத் தெரியும். மார்க் 3-இன் 4கே வீடியோ 8 பிட். ஒரு நிறத்துக்கு 256 படிகள். மார்க் 4-இல் 10 பிட், 1,024 படிகள். மாலை வானத்தையோ மேடைப் பின்னணியின் ஒற்றை நிறத்தையோ கலர் மாற்றும்போது 8 பிட்டில் வளையம் வளையமாக உடைந்துவிடும். வீடியோ ஓடும்போதே கண்ணைத் தொடர்வது, முன்பக்கம் திருப்பும் திரை, நொடிக்கு 60 பிரேம் 4கே ஆகியவையும் மார்க் 3-இல் இல்லை. ஆனால் மார்க் 4-இன் 60 பிரேம் வீடியோ ஒன்றரை மடங்கு கிராப் ஆகும். 24 எம்எம் லென்ஸ் 36 போல ஆகிவிடுவதால் குறுகலான மணவறையில் பின்னால் போக இடம் தேட வேண்டியிருக்கும். 10 பிட் கோப்புகளை எடிட் செய்யப் பழைய கம்ப்யூட்டர் திணறும் என்பதால் அதன் செலவையும் இதோடு சேர்த்தே போட வேண்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் கழித்த படங்களைப் பார்க்கவே தேவையில்லை என்பேன். கையில் இருப்பது ஒற்றைக் கார்டு பாடியாக இருந்து, அதில் காசு வாங்கிக் கல்யாணம் எடுக்கிறீர்கள் என்றால் மாற்றுங்கள். சோனி ஏ6000, முதல் நிக்கான் இசட்6, முதல் கேனான் இஓஎஸ் ஆர் எல்லாமே அந்த வகைதான். கார்டு ஒருநாள் படுத்துவிட்டால் தாலி கட்டுவதைத் திரும்பச் செய்யச் சொல்ல முடியாது. ஒரு குடும்பத்தின் அந்த நாள் நம் கையில் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. இந்த வகைப் பாடியிலிருந்து மாற இன்றைய உச்சப் பாடிதான் வேண்டும் என்றில்லை. செகண்ட் ஹேண்ட் மார்க் 3-யே நிறைவான முன்னேற்றம்.

பாடியின் உடல்நிலையையும் பார்க்க வேண்டும். மார்க் 3-இன் ஷட்டர் 2 லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது. அதைத் தாண்டினால் உடனே நின்றுவிடும் என்று அர்த்தமில்லை. தனியாக ஒரு முகூர்த்தத்துக்கு அதை நம்பிப் போகக் கூடாது என்றுதான் அர்த்தம். பிடி ரப்பர் பிரிவது, ஹாட் ஷூ ஆடுவது, கார்டு கதவு தளர்வது போன்றவை சரிசெய்யக் கூடியவை. சர்வீஸ் சென்டரில் உதிரி பாகம் இன்னும் கிடைக்கிறதா என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

இனி பணம். இந்தியாவில் கேமராவுக்கான ஜிஎஸ்டி 2019 ஜனவரி முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. வரியோடு சேர்த்து 2 லட்சம் ரூபாய் பில் என்றால் அதில் வரி மட்டும் சுமார் 30,500 ரூபாய். ஜிஎஸ்டி பதிவு உள்ள ஸ்டூடியோ தன் தொழிலுக்காக வாங்கும்போது அதை வரவு எடுத்துக்கொள்ளலாம். பில் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து வரும் பாடி மலிவாகத் தோன்றினாலும், இந்த வரவும் இந்திய வாரண்டியும் போய்விடும். எக்ஸ்சேஞ்சில் பழைய பாடிக்குத் தரும் தொகையும் பெரும்பாலும் மனதைப் புண்படுத்தும் அளவுக்குத்தான் இருக்கும். மார்க் 3, மார்க் 4 இரண்டுக்கும் ஒரே பேட்டரி, ஒரே லென்ஸ் வாய். எனவே விற்காமல் இரண்டாவது பாடியாக வைத்துக்கொள்வதே மேல் என்று நினைக்கிறேன். ஒன்றில் 35 எம்எம், இன்னொன்றில் 85 எம்எம் என்று மாட்டிக்கொண்டால் முகூர்த்த நேரத்தில் லென்ஸ் மாற்றும் பதற்றமே இருக்காது.

முடிவெடுக்கும் முன் நீங்கள் நினைக்கும் பாடியை ஒருநாள் வாடகைக்கு எடுங்கள். சென்னை, கோவை, மதுரையில் இது எளிதாகக் கிடைக்கிறது. உங்களுக்குத் தொல்லை தந்த மண்டபத்துக்கோ ஏரிக்கரைக்கோ இரண்டு பாடியையும் கொண்டுபோய், ஒரே லென்ஸை மாற்றி மாற்றிப் பூட்டி ஒரே காட்சியை எடுங்கள். வீட்டுக்கு வந்ததும் கோப்புப் பெயர்களை மறைத்து, எல்லாவற்றையும் ஒரே அளவுக்குச் சுருக்கி, உங்களோடு வேலை செய்யும் தம்பியிடம் கொடுத்து, வாடிக்கையாளருக்குக் கொடுக்கக் கூடியவற்றைப் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு பெயர்களைத் திறந்து, தேறியவற்றில் எந்தப் பாடியின் படம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.