கல்லாய்ச் சமைந்த உயிர்கள்

தஞ்சை நாடு காவிரி சமைத்த நாடாகும். குடகு மலையில் பிறக்கும் அவ்வாறு, தான் கடந்துவரும் மலைகளையும் காடுகளையும் அரித்து, நுண்ணிய மண்ணைக் கொணர்ந்து கடலருகே பரப்பிற்று. அம்மண்ணுக்கு வண்டல் என்பது பெயர். பல்லாயிரம் ஆண்டுகளாக வண்டல் அடுக்கடுக்காகப் படிந்தமையால் நெற்கழனிகள் தோன்றின. அக்கழனிகளில் கிணறு தோண்டும் உழவர், மண்ணினுள் புதைந்த நத்தை ஓடுகளைக் காண்பதுண்டு. மண்ணில் அமிழ்ந்த அவ்வோடு பல கோடி ஆண்டுகள் சென்றபின் என்னவாகும்? இவ்வினாவிற்கு விடை கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது.

கொள்ளிடத்தைக் கடந்து வடக்கே சென்றால் அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களை அடையலாம். அங்கே சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கங்களில் சிப்பிகளும் சங்குகளும் கல்லோடு கல்லாய்ப் பதிந்து கிடக்கின்றன. கடலோ இன்று நெடுந்தொலைவில் உள்ளது. அவ்வாறாயின் கடல்வாழ் உயிர்கள் அங்கு வந்தது எங்ஙனம்? ஒரு காலத்தில் அந்நிலத்தின் மீது கடல் அலைவீசியது என்பதே விடையாம். அக்காலத்தை அறிஞர் கிரெட்டேசியக் காலம் என்பர். அது சுமார் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவுற்றது. தஞ்சை வயல்களின் அடியிலும் மிக்க ஆழத்தில் அக்காலத்துப் பாறைகள் உள்ளன. அரியலூர்ப் பகுதியில் அவை நிலத்தின் மேலேயே வெளிப்பட்டிருப்பதால் அறிஞர்க்கு ஆராய்தல் எளிதாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஸ்டோலிச்கா என்னும் அறிஞர் இவ்வுயிரினங்களை ஆராய்ந்து விரிவான நூல்கள் வெளியிட்டார்.

முற்காலத்து உயிர்களின் உடற்பகுதியோ, அவற்றின் சுவடோ பாறையில் நிலைத்திருப்பதைப் புதைபடிவம் என்பர். தொல்லுயிர் எச்சம் என்பதும் இதுவே. அதனை ஆராயும் துறை தொல்லுயிரியல் எனப்படும். இறந்த உயிர்கள் எல்லாம் புதைபடிவம் ஆவதில்லை. பெரும்பாலானவை அழுகியும், பிற உயிர்களுக்கு இரையாகியும் மறைந்துபோகும். ஓடு, எலும்பு, பல், மரம் போன்ற கடினப் பகுதிகளே நெடுநாள் நிலைக்க வல்லவை. அவையும் காற்றுப் படாதவாறு விரைவில் மண்ணால் மூடப்பெறல் வேண்டும். மேன்மேலும் மண் படியப் படிய, அதன் பாரத்தால் அடிமண் இறுகும். நீரில் கரைந்துள்ள கனிமங்கள் மண்துகள்களைப் பிணைக்கும். இவ்வாறு உருவாவது படிவுப் பாறை. புதைபடிவங்கள் பெரும்பாலும் இப்பாறையிலேயே கிடைக்கின்றன.

புதைபடிவம் உருவாகும் முறைகளுள் ஒன்று கல்லாதல். புதையுண்ட மரத்தின் நுண்துளைகளில் மணற்சத்து கலந்த நிலத்தடி நீர் ஊறிப் புகும். அச்சத்து சிறிது சிறிதாக மரத்தின் இடத்தைக் கைக்கொள்ளும். இறுதியில் மரத்தின் வடிவம் நிற்கும், பொருள் கல்லாகிவிடும். பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் கிடக்கும் கல்மரம் இதற்குத் தக்க சான்று. அதன் நீளம் சுமார் 18 மீட்டர். கரையில் வளர்ந்த அம்மரம் வெள்ளத்தால் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, சேற்றில் புதைந்து கல்லாயிற்று. 1940-ஆம் ஆண்டில் அதனைக் கண்டறிந்தவர் எம். எஸ். கிருஷ்ணன். தஞ்சை மண்ணில் பிறந்த இவரே, பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் ஆவார்.

மற்றொரு முறையை விளங்கிக்கொள்ளச் சுவாமிமலைச் சிற்பியின் பட்டறையை நினைத்தல் போதும். சிற்பி மெழுகால் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசுகிறார். சூடேற்றியதும் மெழுகு உருகி வெளியேறும்; உள்ளே உருவத்தின் வெற்றிடம் நிற்கும். அதில் உலோகத்தை வார்க்கச் சிலை பிறக்கிறது. இயற்கையும் இவ்வாறே செய்கிறது. சேற்றில் புதைந்த சிப்பி, சேறு கல்லான பின் கரைந்து போகலாம். அது விட்டுச் சென்ற வெற்றிடம் அச்சு எனப்படும். அவ்வச்சில் வேறு கனிமம் நிரம்பி இறுகினால் அது வார்ப்பு எனப்படும். வார்ப்பில் சிப்பியின் துணுக்கேனும் இராது. ஆயினும் அதன் புறவரிகள் தெளிவாகத் தெரியும்.

உடலே இன்றிச் செயலின் அடையாளம் மட்டும் எஞ்சுவதும் உண்டு. ஈரச் சேற்றில் கொக்கின் காலடி பதிகிறது. வரப்பில் நண்டு வளை தோண்டுகிறது. இத்தகையவை பாறையில் நிலைபெற்றால் சுவட்டுப் படிவங்கள் ஆகும்.

சொற்களின் பொருளைச் செவ்வனே அறியாவிடில் பொருள்களையும் மாறாகக் கொள்ள நேரும். 2020-ஆம் ஆண்டில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் நீர்நிலையைத் தூர்வாரியபோது பெரிய உருண்டைக் கற்கள் கிடைத்தன. அவை டைனோசரின் முட்டைகள் என்ற செய்தி விரைந்து பரவிற்று, மக்கள் திரண்டனர். ஆராய்ந்தோர், அவை அம்மோனைட்டு என்னும் கடலுயிர் சார்ந்த படிவுகளே எனத் தெளிவுறுத்தினர். அம்மோனைட்டு என்பது சுருண்ட ஓட்டினுள் வாழ்ந்து, கிரெட்டேசியக் காலத்தின் முடிவில் அற்றுப்போன உயிராகும். வைணவர் போற்றும் சாளக்கிராமக் கற்களும் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட்டுப் படிவங்களே.

புதைபடிவத்தின் மதிப்பு அதன் அழகில் மட்டும் இல்லை. அது கிடந்த இடத்திலும் உள்ளது. குலையாத அடுக்குகளில் கீழடுக்கு முந்தியது, மேலடுக்கு பிந்தியது. எந்த அடுக்கில் எவ்வுயிர் கிடந்தது என்று அறிந்தால்தான் அதன் காலத்தையும் அக்காலத்துக் கடலின் இயல்பையும் உய்த்துணர இயலும். இடம் குறிக்காமல் பெயர்த்தெடுத்த சிப்பி, ஏட்டிலிருந்து கிழித்த எழுத்தைப் போன்றது; அதனைக் கொண்டு கதையை அறிய முடியாது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் சிமெண்டு ஆலைகளுக்குச் செல்கிறது. வீடு கட்டச் சிமெண்டு தேவையே. ஆனால், ஆராயப்படுமுன் அரைபட்ட படிவத்தை எவராலும் மீண்டும் ஆக்க இயலாது.

ஆதலால், இத்தகைய கல்லைக் காண்போர் அதனைப் பெயர்க்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு, ஆசிரியருக்கோ அருங்காட்சியகத்தாருக்கோ அறிவித்தல் நன்று. அரியலூரை அடுத்த வாரணவாசியில் புதைபடிவங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உள்ளது. கோயிற் கல்வெட்டுக்களைக் காப்பது தமிழர் கடன்; மனிதன் தோன்றுமுன் இயற்கை பொறித்த இக்கல்வெட்டுக்களைக் காப்பதும் அவர் கடனேயாகும்.