வயலின் நமக்கும் தருவார்களா?

இராசிபுரம் பக்கம் ஒரு காலனியில் மாலைநேரப் படிப்பகம் நடக்கிறது. ஒற்றை அறை, இரண்டு டியூப்லைட், சுவரில் அண்ணல் அம்பேத்கர் படம். அங்கே போயிருந்தபோது, சென்னையில் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் ஒன்றாக உட்கார்ந்து வயலின் வாசிக்கும் காணொளி ஒன்றைச் செல்பேசியில் காட்டினோம். பார்த்து முடித்ததும் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி எங்களில் ஒருவரிடம் கேட்டாள்: “ஏனுங்கக்கா, வயலினெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்குத் தருவாங்களா?”

சொல்லித் தருவார்களா என்று அவள் கேட்கவில்லை. கையில் தருவார்களா என்றுதான் கேட்டாள். தொட விடுவார்களா என்பது அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. இந்த வாரம் அவளுக்குப் பதில் சொல்லவே எழுதுகிறோம்.

அந்தக் காணொளியில் இருந்தவர்கள் ‘சன்ஷைன் ஆர்கெஸ்ட்ரா’ மாணவர்கள். ஏ.ஆர். ரகுமான் 2008இல் சென்னையில் கே.எம். இசைக் கல்லூரியைத் தொடங்கினார். அதையொட்டி அவருடைய அறக்கட்டளை, ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றி மேற்கத்தியத் தந்திக் கருவிகளைக் கற்றுத்தரும் இந்தக் குழுவை உருவாக்கியது. வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா, முழங்கால்களுக்கிடையே நிறுத்தி வாசிக்கும் செல்லோ, ஆள் உயரத்துக்கு நிற்கும் டபுள் பேஸ் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் தந்தி ஆர்கெஸ்ட்ரா.

இது சென்னையோடு முடிவதில்லை. மேற்கு வங்கத்தின் காலிம்போங் மலையில், கனடாவிலிருந்து வந்த எட்வர்ட் மக்கைர் என்ற பாதிரியார் 1993இல் காந்தி ஆசிரமப் பள்ளியைத் தொடங்கினார். கூலி வேலை செய்வோரின் பிள்ளைகள் அங்கே கணக்கையும் ஆங்கிலத்தையும்போல வயலினையும் பாடமாகக் கற்கிறார்கள். தென் அமெரிக்காவின் வெனிசுவேலாவில் ஹொசே அந்தோனியோ அப்ரேயு 1975இல் பதினோரு பேரோடு, வண்டி நிறுத்தும் இடம் ஒன்றில் தொடங்கிய பயிற்சி, நாடு முழுவதும் ஏழைப் பிள்ளைகளின் இசைக்குழுக்களாகப் பெருகியது.

‘தந்திக் கருவி நம்முடையது இல்லையே’ என்று சிலர் தயங்கலாம். சங்க இலக்கியத்தைத் திறந்து பார்க்கட்டும். யாழ் யார் கையில் இருந்தது? பாணர் கையில் இருந்தது. சீறியாழ் வைத்திருந்தவர் சிறுபாணர். பேரியாழ் வைத்திருந்தவர் பெரும்பாணர். ஆற்றுப்படை நூல்கள் இரண்டுக்கு அவர்கள் பெயரே தலைப்பு. மாங்குடி கிழாரின் புறநானூற்றுப் பாட்டு ஒன்று, பறை அறைபவரையும் யாழ் மீட்டும் பாணரையும் ஒரே வரிசையில் உயர்குடியாக வைத்துப் பேசுகிறது. காலம் போகப்போக அதே பாணர்குலம் தீண்டத்தகாததாயிற்று. அக்குலத்தவர் என்று சொல்லப்படும் திருப்பாணாழ்வார் கையில் யாழோடு காவிரிக்கரையிலேயே நின்று பாடினார், கோயிலுக்குள் போகவில்லை என்றுதான் கதை சொல்கிறது. தந்தி நம் கையிலிருந்து நழுவிய வரலாறு இது.

வயலினோ எந்தச் சாதிக்கும் பாட்டன் சொத்தன்று. சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பிய இசைக்காரரிடம் கற்று, நம் இசைக்குப் பழக்கிய கருவி. இன்னொன்றையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்புவரை வயலின் தந்தி ஆட்டுக்குடலைத் திரித்துச் செய்யப்பட்டது. தோலைத் தொட்டவனுக்குத் தீட்டு என்றார்கள். குடலைத் தொட்டு மீட்டியவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

இனி வகுப்பறைக்கு வருவோம். ஒரு நடுநிலைப் பள்ளியில் நாற்பது பிள்ளைகள். இரண்டு பேர் ஏற்கெனவே இரண்டாண்டு வாசித்தவர்கள். பத்துப் பேருக்கு ஆறு மாதப் பழக்கம். மற்றவர்கள் இன்றுதான் வில்லைப் பிடிக்கிறார்கள். இவர்களை வைத்து எப்படி ஒரே பாட்டை வாசிப்பது? தந்தி ஆர்கெஸ்ட்ரா வகுப்பில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

ஆசிரியர் ஒரே பாட்டை மூன்று அடுக்காக எழுதுகிறார். புதியவர்கள் இடக்கை விரலே வைக்காமல் வெறுந்தந்தியில் வில்லை நீளமாக இழுப்பார்கள். அது சுருதியைப்போல் அடியில் நிற்கும். அடுத்த நிலையில் உள்ளவர்கள் நாலைந்து சுரங்களில் மெதுவாக நகரும் பகுதியை வாசிப்பார்கள். தேர்ந்தவர்கள் மேலே மெட்டை வாசிப்பார்கள். தாள் வைக்கும் ஒவ்வொரு தாங்கிக்கும் முன்னால் இரண்டு பேர். தெரிந்த பிள்ளைக்குப் பக்கத்தில் தெரியாத பிள்ளை.

கருவியும் பிள்ளைக்கேற்ற அளவில் கிடைக்கிறது. பதினோரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கைநீளம் பார்த்து முக்கால் அளவோ முழு அளவோ கொடுப்பார்கள். விரல் வைக்கும் இடம் தெரியக் கழுத்துப் பலகையில் வண்ண நாடா ஒட்டுவார்கள். வில்லில் கட்டிய குதிரைமயிரில் ரோசின் என்ற மரப்பிசினைத் தேய்க்காவிட்டால் ஓசையே எழாது என்பதுதான் பெரும்பாலும் முதல் நாள் பாடம். வெறுந்தந்தி இழுக்கும் பிள்ளைகளை ஒருமுறை நிறுத்தச் சொன்னால், மெட்டு அந்தரத்தில் தொங்குவதை எல்லாரும் கேட்கலாம். அன்றைக்குப் புதிதாய் வந்தவனுக்கும் தன் வில் எதற்கு என்று விளங்கிவிடும்.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. பறைக்குழுவில் புதிதாகச் சேர்ந்த சிறுவன் ஓர் அடியையே விடாமல் அடிப்பான். மூத்தவர்கள் அதன்மேல் அடியை மாற்றி மாற்றி விளையாடுவார்கள். நாயனக்காரர் பக்கத்தில் ஒத்து ஊதுபவர் ஒரே சுரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருப்பார். அவரை யாரும் மேளத்தில் சேராதவர் என்று சொல்வதில்லை.

நம் சமூகத்துக்கு இதில் இருக்கும் சேதி பெரிது. பள்ளியில் இசை என்றதும் முதலில் தேர்வு வைக்கிறார்கள். ‘குரல் இருக்கிறதா, கேள்விஞானம் இருக்கிறதா’ என்று பார்த்து நாலு பேரை எடுத்துக்கொண்டு மற்றவரை அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்குப் பாட்டு வாத்தியார் வந்துபோகும் பிள்ளை அதில் தேறிவிடும். தறிப்பட்டறையில் இரவு ஷிப்டு பார்க்கும் தாயின் பிள்ளையும், கோழிப்பண்ணை வேலைக்காரரின் பிள்ளையும், தூய்மைப் பணியாளர் பிள்ளையும் வெளியே நிற்கும். பிறகு அதற்குத் ‘தகுதி’ என்று பெயர் வைப்பார்கள். தொடங்கிய இடம் வேறாக இருந்ததை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 2009இல் பட்டியலினத்தவருக்கான 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்ததும், அத்தகைய உட்பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்ததும் இந்த நியாயத்தின் மேல்தான். இசை வகுப்புக்கும் அந்த நியாயம் பொருந்தும்.

இளையராஜாவைக் காட்டி நம்மை வாயடைக்கச் சிலர் வருவார்கள். பண்ணைப்புரத்தில் பிறந்து, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்று, 2025 மார்ச் 8இல் லண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றியவர் அவர். பெருமைதான். ஆனால் ஒரு மேதை கதவை உடைத்துக்கொண்டு போனதனால் கதவு திறந்தே இருக்கிறது என்று ஆகிவிடாது. நாம் கேட்பது சாதாரணமான நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பறை.

நம் பக்கம் என்ன இருக்கிறது? சேலத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. வயலினும் அங்கே பாடம், மூன்றாண்டுப் படிப்பு. சேர 12 வயது ஆகியிருக்க வேண்டும். பகலில் நடக்கும் வகுப்புக்கு மோகனூரிலிருந்தும் சேந்தமங்கலத்திலிருந்தும் ஓர் ஏழாம் வகுப்புப் பிள்ளை எப்படிப் போய்வர முடியும்? அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது; கருவி இசைக்கும் அதில் போட்டி உண்டு. நல்லதுதான். ஆனால் கற்றுத்தராமல் போட்டி மட்டும் வைத்தால் காசு கொடுத்து வெளியே கற்ற பிள்ளைதான் மேடையேறும். நாம் பார்த்த ஒரு பள்ளியில் இசைக் கருவிகள் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. ‘பசங்க உடைச்சிருவாங்க’ என்றார்கள்.

எனவே நாம் கேட்பவை இவை. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் விடுதிகளிலும் 6 முதல் 8ஆம் வகுப்புவரை தந்தி இசை வகுப்பு வேண்டும். இருபது வயலின்களை வாங்கி வைத்தால் இரண்டு அணியாக நாற்பது பிள்ளைகள் பழகலாம். அரசு இசைப்பள்ளிகளில் வயலின் முடித்துவிட்டு வேலையில்லாமல் இருப்போரை ஆசிரியராக அமர்த்த வேண்டும். சேர்க்கைக்குத் தேர்வு கூடாது. நான்காவதாக ஒன்று: அதே பள்ளியில் பறை கற்றுத்தரும் கலைஞருக்கும் வயலின் ஆசிரியருக்கும் ஒரே சம்பளம் தர வேண்டும்.

நான்காவது கோரிக்கைக்குக் காரணம் உண்டு. ‘பறையை விட்டுவிட்டு வயலினுக்கு ஓடுவதா’ என்று நம் தோழர்களே கேட்கிறார்கள். விட வேண்டியதில்லை. சாவு வீட்டில் அடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தியபோது பறை இழிவாக்கப்பட்டது. நம் பிள்ளை விரும்பி எடுக்கும்போது அது கலையாகிறது. வயலினும் அப்படித்தான். எதை எடுப்பது என்று பிள்ளை தேர்ந்தெடுக்கட்டும். தேர்ந்தெடுக்க இரண்டும் அதன் முன்னால் இருக்கட்டும்.

ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் இசை வகுப்பு வேண்டும் என்று ஒரு தீர்மானம் போடுங்கள். கிராம சபையிலும் எழுந்து கேளுங்கள். மாணவர்கள் மனுவை நீங்களே எழுதி அம்மா அப்பாவிடம் கொடுங்கள்.

அன்று படிப்பகத்தில் அந்தப் பிள்ளைக்கு நாம் சொன்னது ஒன்றுதான்: “கேக்கோணும் கண்ணு. கேட்டாத்தான் தருவாங்க.” அவள் நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தோம். ‘பெறுநர்: தலைமை ஆசிரியர் அவர்கள்’ என்று இருந்தது.