மாரடைப்பும் கிருமியும்: பொய்த்துப்போன ஒரு நம்பிக்கை

1913ஆம் ஆண்டில் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிக்கோலாய் அனிச்கோவ் முயல்களுக்குக் கொலஸ்டிராலை ஊட்டி, இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் தமனிகளின் சுவரில் கொழுப்பு படிவதைக் காட்டியதிலிருந்து, மாரடைப்புக்கு வித்திடும் தமனித் தடிப்பு நோய்க்கு உணவே முதற்காரணம் என்ற கருத்து வலுப்பெற்றது. ஆனால் கொலஸ்டிரால் மிகாதவர்களையும் மாரடைப்பு தாக்குவதை அக்கருத்தால் மட்டும் விளக்க இயலவில்லை.

1988இல் ஃபின்லாந்தின் பெக்கா சைக்குவும் அவருடைய குழுவினரும், நுரையீரல் தொற்றை உண்டாக்கும் கிளமிடியா நிமோனியே என்னும் பாக்டீரியாவுக்கு எதிரான எதிர்ப்பான்கள் இதய நோயாளிகளின் இரத்தத்தில் மிகுந்திருப்பதாக அறிவித்தனர்; சில ஆண்டுகளில் தமனிச் சுவரின் கொழுப்புத் திட்டுகளுக்குள்ளேயே அக்கிருமி கண்டறியப்பட்டது. கொலஸ்டிரால் சற்றே கூடிய தீனி உண்ட முயல்களில் இத்தொற்று தமனிச் சுவரைத் தடிக்கச் செய்ததையும், அசித்ரோமைசின் என்னும் ஆண்டிபயாடிக் மருந்து அதைத் தடுத்ததையும் 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. வயிற்றுப்புண்ணுக்குக் கிருமியே காரணம் என்று மெய்ப்பிக்கப்பட்டிருந்த காலம் அது என்பதால், இதயத்துக்கும் மாத்திரையால் தீர்வு கிட்டும் என்று எதிர்பார்த்தது இயல்பே.

மனிதர்களிடம் அது பலிக்கவில்லை. 4,012 இதய நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வில், ஓராண்டுக் காலம் வாரந்தோறும் அசித்ரோமைசின் உட்கொண்டவர்களுக்கும் வெற்று மாத்திரை பெற்றவர்களுக்கும் இடையே வேறுபாடு தென்படவில்லை; டென்மார்க்கில் கிளாரித்ரோமைசினை இரண்டே வாரம் பெற்றவர்களிடையே பின்னாளில் இறப்பு கூடியது. பெரும்பாலோரை வாழ்நாளில் ஒருமுறையேனும் தொற்றிச் செல்லும் கிருமி நோயுற்ற இடத்தில் காணப்படுவதாலேயே அதைக் காரணம் என்று கொள்ள முடியாது என்பதோடு, உயிரணுக்களுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் நிலையில் அது மருந்துக்கு எளிதில் அகப்படுவதும் இல்லை.

எனினும் அழற்சி, அதாவது காயத்தையோ கிருமியையோ எதிர்த்து உடல் எழுப்பும் தற்காப்புக் கிளர்ச்சி, இந்நோயில் பங்கு பெறுகிறது என்ற கருத்து வீழவில்லை. தமனிச் சுவரில் தேங்கும் கொழுப்பை விழுங்கிப் பருத்த வெள்ளணுக்கள் அழற்சியைத் தூண்ட, கொழுப்புத் திட்டின் மேலுறை மெலிந்து வெடித்து, அங்கே உறையும் இரத்தம் குழாயை அடைக்கிறது. கொலஸ்டிராலைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணிக்கும் கானகினுமாப் மருந்து மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றை ஏறத்தாழ 15 விழுக்காடு குறைத்ததை பத்தாயிரம் பேரிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது. ஆனால் உயிர்பறிக்கும் தொற்றுகள் சற்றே கூடின. அழற்சியைத் தணிக்கும் மற்றொரு மருந்தான, கீல்வாதத்துக்கு நெடுங்காலமாகத் தரப்படும் மலிவான கோல்சிசினைக் குறைந்த அளவில் இதய நோயாளிகளுக்கு வழங்க அமெரிக்கா 2023இல் ஒப்புதல் அளித்தது. மாரடைப்பைத் தடுப்பதற்காக ஆண்டிபயாடிக் உட்கொள்வதற்கு இன்றுவரை எந்த அடிப்படையும் இல்லை.